கேள்வி – பதில்: மேரி ஆன் மோகன்ராஜ், கதைக்காரரும் இதழாசிரியரும்

சென்ற இதழில் ஆங்கில அறிவியல் புனைவு இதழ்களைப் பற்றிய ஒரு பதிலில், ‘ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ்’ இதழைத் தொடங்கியவர் கொழும்பில் பிறந்த ஒரு தமிழ்ப் பெண் என்று ஒரு வரி எழுதியிருந்தோம். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டவர்களே இம்முறை அதிகம். ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: யார் அவர்? இத்தனை நாளாக அவருடைய பெயரைத் தமிழில் எங்கும் படித்ததாக நினைவில்லையே! (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

அவர் பெயர் மேரி ஆன் மோகன்ராஜ். 1971இல் கொழும்பில் பிறந்தார். இரண்டு வயதில் பெற்றோருடன் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து கனெக்டிகட் மாநிலத்தில் வளர்ந்தார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்து, மில்ஸ் கல்லூரியில் படைப்பெழுத்தில் முதுகலைப் பட்டமும் யூட்டா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். சிகாகோவிலுள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தில் புனைவெழுத்தும் இலக்கியமும் கற்பித்துவருகிறார். அருகிலுள்ள ஓக் பார்க்கில் குடியிருக்கும் அவர், 2017இல் அவ்வூர்ப் பொது நூலக வாரியத்துக்குத் தேர்தலில் நின்று வென்றார். நூலக வாரியத்துக்குத் தேர்தல் நடப்பதும் அதில் ஒரு கதாசிரியர் போட்டியிடுவதும் நமக்குப் புதிதாகத் தோன்றலாம். அவருடைய மற்ற வேலைகளைப் பார்த்தால் அது இயல்பாகவே பொருந்திவருகிறது.

தமிழில் அவர் பேசப்படாததற்கு, அவர் ஆங்கிலத்தில் மட்டுமே எழுதுகிறார் என்பதைத் தவிர வேறொரு காரணமும் உண்டு. எழுத்தாளர்களை நாம் அவர்கள் எழுதிய நூல்களைக் கொண்டே நினைவில் வைத்துக்கொள்கிறோம். மோகன்ராஜின் உழைப்பில் பெரும்பகுதி பிறருடைய கதைகளுக்காகச் செலவானது. இதழ், அறக்கட்டளை, விழா, நல்கை (எழுத்தாளருக்கான நிதியுதவி) என்று அவர் தொடங்கிவைத்தவை அவருடைய நூல்களைவிட அதிக வாசகர்களைச் சென்றடைந்திருக்கின்றன. அவருடைய முதன்மையான சாதனை அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: அவர் தொடக்கத்தில் பாலியல் கதைகள் எழுதியவர் என்று படித்தேன். உண்மைதானா? இதைச் சொல்லாமல் விட்டுவிடுவீர்களோ என்று கேட்கிறேன். (ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

உண்மைதான், மறைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை, அவரும் மறைத்ததில்லை. இணையம் பொதுமக்களிடம் பரவத் தொடங்கியிருந்த 1990களின் முற்பாதியில் அவர் தம் கதைகளை அங்கேயே வெளியிட்டார். 1995 டிசம்பரில் இணையத்தில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். அந்த வகையில் உலகின் மிகத் தொடக்கக் காலத்தவற்றுள் ஒன்று அது. 1996இல் ‘டார்ன் ஷேப்ஸ் ஆஃப் டிசையர்’ என்ற தொகுப்பு வந்தது. 1998இல் ‘க்ளீன் ஷீட்ஸ்’ என்ற பாலியல் இலக்கிய இணைய இதழைத் தொடங்கி அதன் ஆசிரியராக இருந்தார். ஈழத்துத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண் தம் சொந்தப் பெயரிலேயே இவற்றையெல்லாம் எழுதினார் என்பது எளிதான செயலன்று. அந்தத் துணிவை நான் மதிக்கிறேன்.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அச்சு இதழ்கள் தொடத் தயங்கிய ஒரு துறையில், இணையத்தில் ஓர் இதழை நடத்தும் வழிமுறைகளை அவர் முன்னதாகவே கற்றுக்கொண்டார். கதைகளைத் தேர்வது, எழுதியவரோடு உட்கார்ந்து திருத்துவது, நாள் தவறாமல் வெளியிடுவது ஆகியவற்றில் அவர் பெற்ற பயிற்சி, இரண்டு ஆண்டுகள் கழித்து அறிவியல் புனைவுக்குக் கைகொடுத்தது.

கேள்வி: ‘ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ்’ இதழில் அப்படியென்ன சிறப்பு? ஆங்கிலத்தில் இதழ்களுக்கா பஞ்சம்? (மென்பொருள் பணியாளர், கோயம்புத்தூர்)

2000ஆம் ஆண்டு செப்டம்பரில் அது தொடங்கப்பட்டபோது, இணையத்தில் வரும் கதை அச்சில் வரும் கதைக்குச் சமமானது என்று ஒப்புக்கொள்ளப் பலரும் தயாராக இல்லை. அமெரிக்க அறிவியல் புனைவுக்கு 1920களிலிருந்தே அச்சு இதழ் மரபு உண்டு. பெயர்பெற்ற அந்த இதழ்களின் பின்னால் ஒரு வணிக நிறுவனமோ சந்தாதாரர் பட்டியலோ இருந்தது. மோகன்ராஜிடம் இரண்டும் இல்லை. அவரிடம் நண்பர்கள் இருந்தார்கள். ஒரு திட்டமும் இருந்தது. திட்டம் இதுதான்: இதழைப் படிக்க யாரும் பணம் தர வேண்டியதில்லை; இதழில் வேலை செய்பவர் யாருக்கும் ஊதியம் கிடையாது; ஆனால் எழுதியவருக்குத் தொழில்முறை விகிதத்தில் பணம் கொடுத்தே தீர வேண்டும்.

இந்த மூன்றாவது விதியில்தான் இதழின் உயிர் இருக்கிறது. “நல்ல நோக்கத்தோடு நடத்துகிறோம், ஆகவே உங்கள் கதையை இலவசமாகத் தாருங்கள்” என்று கேட்கும் சிற்றிதழ் மரபை நாம் நன்கு அறிவோம். அந்த மரபின் தியாகத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அங்கே தியாகத்தின் சுமை எழுத்தாளரின் தலையிலும் ஏறிவிடுகிறது. மோகன்ராஜ் அந்தச் சுமையை இதழாசிரியர்கள் பக்கம் மட்டும் வைத்தார். பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள் மாலையில் அமர்ந்து, முன்பின் அறியாதவர்கள் அனுப்பிய கதைக் குவியலைப் படித்தார்கள். கதை, கவிதை, கட்டுரை, மதிப்புரை என்று ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனிக் குழு இருந்தது. வாரந்தோறும் புதிய இதழ் வெளிவந்தது. செலவுக்கான பணம் வாசகர்களின் நன்கொடையாக வந்தது. ஆண்டுக்கொரு முறை இதழே வாசகர்களிடம் வெளிப்படையாக நிதி கேட்கும், அவர்களும் கொடுப்பார்கள்.

நன்கொடையில் நடக்கும் இதழ் எத்தனை நாள் தாங்கும் என்ற ஐயம் எவருக்கும் எழும். அது கால் நூற்றாண்டைக் கடந்துவிட்டது. அதற்கு முக்கியமான காரணம், மோகன்ராஜ் உரிய நேரத்தில் விலகியதே என்று நினைக்கிறேன். 2003 வரை தலைமை ஆசிரியராக இருந்துவிட்டுப் பொறுப்பைச் சூசன் மேரி குரோப்பியிடம் ஒப்படைத்தார். தொடங்கியவரின் பெயரோடு பிணைந்து, அவர் களைத்ததும் நின்றுபோகும் இதழ்கள் எம்மொழியிலும் உண்டு. இங்கே பொறுப்பு கைமாறிக்கொண்டே வந்தது. இதழில் செய்த பணிக்காகக் குரோப்பி 2010இல் உலக மிகுபுனைவு (வேர்ல்ட் ஃபேண்டஸி) விருது பெற்றார். 2013 முதல், அறிவியல் புனைவுக்கான பெரிய விருதுகளுள் ஒன்றான ஹியூகோவின் இறுதிப் பட்டியலில் அடிக்கடி இடம்பெற்றுவந்த இதழ், 2024இல் கிளாஸ்கோவில் நடந்த விழாவில் அரைத் தொழில்முறை (முழு வணிக முறையில் நடக்காத) இதழ்களுக்கான ஹியூகோவை வென்றது. மோகன்ராஜ் ஆசிரியர் நாற்காலியை விட்டு எழுந்து இருபது ஆண்டுகள் கழிந்த பின் கிடைத்த விருது அது.

தெற்காசியாவோடு இந்த இதழுக்குள்ள உறவும் அவரோடு முடியவில்லை. கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகர பிற்காலத்தில் இதன் கதைப் பிரிவு ஆசிரியர்களுள் ஒருவராக இருந்தார். அவருடைய ‘தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்’ நாவலுக்கு 2024இல், அறிவியல் புனைவின் மற்றொரு பெரிய விருதான நெபுலா அறிவிக்கப்பட்டது. அரசியல் சட்ட வழக்குகளால் நாம் அறிந்த வழக்கறிஞர் கௌதம் பாட்டியாவும் இதன் ஆசிரியர் குழுவில் முக்கியப் பொறுப்பு வகித்தவர். அவரும் அறிவியல் புனைவு நாவலாசிரியரே. கொழும்பில் பிறந்த தமிழ்ப் பெண் தொடங்கிய இதழில், கொழும்பிலிருந்து எழுதும் ஒரு சிங்களப் பெயர் கொண்ட எழுத்தாளர் கதை தேர்ந்தார் என்பதை எண்ணும்போது எனக்கு மனநிறைவு உண்டாகிறது.

கேள்வி: அவர் எழுதிய அறிவியல் புனைவில் எதை முதலில் படிக்கலாம்? (நூலகர், யாழ்ப்பாணம்)

‘தி ஸ்டார்ஸ் சேஞ்ச்’. 2013இல் வந்த இந்நூலுக்கு வாசகர்களிடமே கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் இணையதளம் வழியாக முன்கூட்டி நிதி திரட்டினார். தெற்காசியர் குடியேறிய ஒரு கோளில், எல்லா உலகத்தாரும் வந்து படிக்கும் ஒரு பல்கலைக்கழக நகரம். மனிதரும், மரபணு மாற்றப்பட்ட மனிதரும், வேற்றுக்கோள் உயிர்களும் அங்கே ஒன்றாக வாழ்கிறார்கள். கோள்களுக்கிடையே போர் மூளும் தறுவாயில் முதல் குண்டு விழுகிறது. அந்த ஓர் இரவுக்குள் நடப்பதே நூல் முழுவதும். கதை போர்த்தளபதிகளைப் பின்தொடர்வதில்லை. யாரோடு இந்த இரவைக் கழிப்பது, யாரைத் தேடி ஓடுவது, யாருக்குக் கதவு திறப்பது என்று தவிக்கும் சாதாரண மனிதர்களைத் தனித்தனிக் கதைகளாகச் சொல்லிக்கொண்டே போய் ஒன்றாக இணைக்கிறது. உடலுறவுக் காட்சிகள் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கின்றன என்பதையும் நூலகர் என்ற முறையில் நீங்கள் அறிந்திருப்பது நல்லது.

யாழ்ப்பாணத்திலிருந்து கேட்கிறீர்கள், ஆகவே இதையும் சொல்ல வேண்டும். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தபோது மோகன்ராஜ் ஏறத்தாழப் பன்னிரண்டு வயதுச் சிறுமி. கடல் கடந்து பாதுகாப்பாக இருந்தவர். தாம் நேரில் காணாத அந்தத் தீயை வேறொரு கோளுக்குக் கொண்டுபோய் எழுதியிருக்கிறார் என்றே நான் இந்நூலைப் படித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வேற்றினத்தவர் என்பதாலேயே பகைவராகிவிடுவாரா, அல்லது அவரைத் தம் வீட்டுக்குள் ஒளித்துவைக்க முன்வருபவர் ஒருவராவது இருப்பாரா என்ற கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

அவருக்குப் பரவலான பெயர் தேடித்தந்த நூல் இதுவன்று. ஹார்ப்பர்காலின்ஸ் 2005இல் வெளியிட்ட ‘பாடீஸ் இன் மோஷன்’. அதில் அறிவியலும் இல்லை, மாயமும் இல்லை. கந்தையா, வல்லிபுரம் என்ற இரு தமிழ்க் குடும்பங்கள் 1939 முதல் 2002 வரை இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் இடையே பிரிந்தும் சேர்ந்தும் வாழ்வதைச் சொல்லும், ஒன்றோடொன்று பின்னிய சிறுகதைகள். ஈழத்துப் புலம்பெயர் எழுத்தை விரும்புபவர் இதிலிருந்து தொடங்கி, பிறகு கோள்களுக்குப் போகலாம்.

கேள்வி: சமையல் நூலும் எழுதியிருக்கிறாராமே? (இல்லத்தரசி, சேலம்)

ஆம். தம் தாயாருக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகத் தொகுக்கத் தொடங்கிய குறிப்புகள் 2003இல் ஒரு சிறிய நூலாயின. அது விரிந்து 2020இல் ‘எ ஃபீஸ்ட் ஆஃப் செரண்டிப்’ என்ற பெரிய நூலானது. அதிலுள்ள சில கறிக் குறிப்புகளைப் பார்த்தால் நீங்கள் திடுக்கிடுவீர்கள்: தக்காளிக்குப் பதிலாகக் கெச்சப் ஊற்றச் சொல்லுகிறார்! நல்ல தக்காளி கிடைக்காத ஊரில், கடையில் கிடைத்ததைக் கொண்டு புளிப்பையும் இனிப்பையும் சரிக்கட்டிய புலம்பெயர்ந்த தலைமுறையின் கைப்பக்குவம் அது. இலங்கை முறையில் கருக வறுத்து அரைத்த கறித்தூளோடு அதுவும் சேர்ந்து, இன்று அவர் வீட்டுக் கறியின் ருசியே அதுவாகிவிட்டது. ஊர்ப்பக்குவத்துக்கு மாறானது என்று அதை நீக்கிவிடாமல், அப்படியே எழுதிவைத்திருக்கிறார். வேற்று மண்ணில் வாழப் போனவர்கள் எதைக் கைவிடுகிறார்கள், எதை விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள் என்று பார்ப்பதுதான் அவருடைய கோள்களைப் பற்றிய கதையிலும் நடக்கிறது.

கேள்வி: ஓர் இதழாசிரியராக அவரிடமிருந்து புதிதாக எழுதுபவர்கள் கற்றுக்கொள்ளக்கூடியது என்ன? (உதவி இயக்குநர், சென்னை)

‘ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ்’ கதைப் பிரிவினர் வெளியிட்ட ஒரு பட்டியல் மிகவும் புகழ்பெற்றது. தங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்து சேரும் கதைக்கருக்களை அவர்கள் அதில் தொகுத்தார்கள். ஒருவர் ஓரிடத்தில் இருக்கிறார், இன்னோரிடத்துக்குப் போக விரும்புகிறார், வழியில் தடையேதுமின்றிப் போய்ச் சேர்கிறார், கதை முடிகிறது. எழுத வராமல் திணறும் எழுத்தாளரைப் பற்றிய கதை. எல்லாம் கனவு அல்லது கணினிக்குள் நடந்த மாய உலகம் என்று கடைசி வரியில் தெரியவரும் கதை. இப்படி அது நீண்டுகொண்டே போகும். இவற்றை எழுதவே கூடாது என்று அவர்கள் தடை விதிக்கவில்லை. இந்தக் கருவை எடுத்தால், ஏற்கெனவே நூற்றுக்கணக்கானவர்கள் நடந்த தடத்தில்தான் நடக்கிறீர்கள் என்று முன்கூட்டியே தெரிவித்தார்கள். நிராகரிப்புக் கடிதத்தில் ஒரு வரிக்கு மேல் எதிர்பார்க்க முடியாத புதிய எழுத்தாளருக்கு, இதழாசிரியரின் மேசையில் என்ன குவிகிறது என்பதைத் திறந்து காட்டியது பெரிய உதவி. தமிழில் அறிவியல் சிறுகதைப் போட்டி நடத்திய ‘அரூ’ போன்ற இதழ்கள் இப்படியொரு பட்டியலைத் தொகுத்தால் அடுத்த தலைமுறைக்கு எவ்வளவோ பயன்படும்.

இன்னொரு பாடமும் உண்டு. 2009இல் ஆங்கில அறிவியல் புனைவு உலகில், வெள்ளையர் பிற இனத்தாரைக் கதையில் எழுதும் முறை பற்றிப் பெரும் சச்சரவு மூண்டது. அப்போது அமெரிக்க அறிவியல் புனைவு எழுத்தாளர் ஜான் ஸ்கால்சியின் இணையப் பக்கத்தில் மோகன்ராஜ் விருந்தினராக இரண்டு நீண்ட கட்டுரைகள் எழுதினார். பிறரைப் பற்றி எழுதுங்கள், தவறு நேரும், சுட்டிக்காட்டினால் கேட்டுக்கொண்டு அடுத்த முறை மேலும் நன்றாக எழுதுங்கள் என்பதே அவற்றின் சாரம். சண்டை உச்சத்தில் இருந்தபோது இரு தரப்பாரும் உட்கார்ந்து படிக்கும்படி எழுத முடிந்தது, இதழாசிரியராகப் பல ஆண்டுகள் பிறர் எழுத்தைப் பொறுமையாகப் படித்ததால் கைவந்த நிதானம்.

கேள்வி: இவரைப் போல எழுத்தும் பதிப்பும் சேர்ந்து செய்த தெற்காசியர் வேறு யார்? (வாசகர், புதுச்சேரி)

கொல்கத்தாவைச் சேர்ந்த தலித் எழுத்தாளர் மிமி மண்டல், அமெரிக்க அறிவியல் புனைவு எழுத்தாளர் ஆக்டேவியா பட்லரை நினைவுகூரும் ‘லூமினஸ்ஸென்ட் த்ரெட்ஸ்’ தொகுப்பை அலெக்ஸாண்ட்ரா பியர்ஸுடன் இணைந்து பதிப்பித்து 2018இல் லோகஸ் விருது பெற்றார். அவருடைய குறுநாவல் ஒன்று நெபுலா இறுதிப் பட்டியலுக்கும் போனது. அனில் மேனனும் வந்தனா சிங்கும் சேர்ந்து, இராமாயணத்தைத் தழுவிய ஊகப் புனைவுகளை (அறிவியல் புனைவு, மிகுபுனைவு போன்றவை) 2012இல் ‘பிரேக்கிங் த போ’ என்ற பெயரில் தொகுத்தார்கள். தருண் கே. செயின்ட் தொகுத்த தெற்காசிய அறிவியல் புனைவுத் தொகுதி 2019இல் வந்தது. ஒவ்வொருவரும் தனிக் கட்டுரைக்கு உரியவர்கள். பின்னொரு சமயம் பார்ப்போம்.

கேள்வி: எனக்கு 58 வயது. பணி ஓய்வு பெற்றபின் நான்கு அறிவியல் சிறுகதைகள் எழுதி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். மோகன்ராஜ் நடத்தும் அறக்கட்டளை என்னைப் போன்றவர்களுக்கும் உதவுமா, அல்லது இளைஞர்களுக்கு மட்டுமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை)

உங்களைப் போன்றவர்களை மனத்தில் வைத்தே அங்கு ஒரு நல்கை இருக்கிறது. மோகன்ராஜ் 2004இல் தொடங்கிய அமைப்பின் பெயர் ஸ்பெகுலேட்டிவ் லிட்ரேச்சர் ஃபவுண்டேஷன். ஐம்பது வயதுக்கு மேல் தொழில்முறையாக எழுதத் தொடங்குபவர்களுக்கென அது தனியாக ஒரு நல்கை வழங்குகிறது. உழைக்கும் வர்க்கத்தில் பிறந்து வளர்ந்த எழுத்தாளர்களுக்கு ஒன்று, எழுத்துக்காகப் பயணம் செய்ய வேண்டியவர்களுக்கு ஒன்று என்று வேறு நல்கைகளும் உண்டு. தெற்காசியருக்கும் தெற்காசிய வழிவந்தவர்களுக்கும் ஏ. சி. போஸ் பெயரிலான நல்கை இருக்கிறது. மோகன்ராஜ் தெற்காசிய எழுத்துக்காக உருவாக்கிய தேசிலிட் அமைப்பும் அறக்கட்டளையும் சேர்ந்து அதை வழங்குகின்றன. 2013இல் அதே தேசிலிட் வழியாகத் தொடங்கிய ‘ஜாகரி’ என்ற இலக்கிய இதழும் தெற்காசியத் தொடர்புடைய எழுத்துகளுக்கானது.

தொகை பெரிதன்று. ஆனால் நல்கைகளைப் பிரித்திருக்கும் விதத்தைப் பாருங்கள்: வயது, வர்க்கம், பயணச் செலவு, பிறந்த நிலம். திறமை உள்ளவர் எப்படியும் மேலே வந்துவிடுவார் என்று சொல்லிக் கைகட்டி நிற்காமல், ஒருவரை எழுதவிடாமல் தடுப்பவை எவை என்று எண்ணிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே கொஞ்சம் பணத்தை வைத்திருக்கிறார்கள்.

உங்கள் கதைகள் தமிழில் இருக்கின்றன என்று கொள்கிறேன். ஆங்கிலத்தில் பெயர்த்துத் தரக்கூடிய நண்பர் ஒருவர் கிடைத்தால், ‘ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ்’ குடும்பத்தில் 2017 முதல் வெளிவரும் ‘சமோவார்’ இதழைப் பாருங்கள். அது மொழிபெயர்ப்புக்கென்றே நடத்தப்படுவது. ஆங்கில வடிவத்தோடு மூல மொழி வடிவத்தையும் சேர்த்தே வெளியிடும். அனுப்பும் முன் அவ்விதழின் சமர்ப்பிப்பு விதிகளை ஒருமுறை முழுமையாகப் படியுங்கள். கதை ஏற்கும் காலம் திறந்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கையும் ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டாம். மிகச் சிறந்தது என்று நீங்கள் கருதும் ஒரு கதையை முதலில் எடுத்து, நண்பரோடு உட்கார்ந்து வரி வரியாகப் பாருங்கள்.